மகனுக்கு வீட்டை எழுதும்போது நிபந்தனை போடலாமா?

ஓய்வு_டீச்சர்:
எனக்கு 68 வயசு. வீடு என் பேர்ல இருக்கு. ஒரே பையனுக்குத் தானசெட்டில்மெண்ட் (இப்பவே வீட்டை அவன் பேருக்கு மாத்துற பத்திரம்) எழுதப் போறேன். பத்திரம் எழுதுறவர், "கடைசி வரைக்கும் உங்களைப் பராமரிக்கணும்னு ஒரு வரி சேர்ப்போம்" என்கிறார். மனசு ஒப்பலை. பெத்த பிள்ளைக்கு யாராவது கண்டிஷன் போடுவாங்களா? அவன் என்னை விட்டுட மாட்டான்.

பத்திரக்கடை:
டீச்சரம்மா, அந்த வரி கட்டாயம் வேணும். உயிலை இருக்கிற வரைக்கும் மாத்தலாம். செட்டில்மெண்ட் பதிவாயிட்டா நீங்களா ரத்து பண்ண முடியாது. 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவுல, பராமரிக்கிற நிபந்தனையோட வாங்கினவர் கைவிட்டா, கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுத்துப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். ஆனா அப்படி ஒரு நிபந்தனை இருந்ததைக் காட்டணும்னு 2022ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2025 ஜனவரியில வேற வழக்குல சட்டத்தைத் தாராளமாப் படிச்சு, ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. அதை நம்பி வரியை விடாதீங்க.

ஒரே_மகன்:
அந்த வரியைக் காதால கேட்ட பிள்ளை நான். அப்பாவை வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போனவன். பதிவு ஆபீஸ் வராண்டாவுல "தவறும் பட்சத்தில் இப்பத்திரம் செல்லாது"ன்னு என் மனைவி முன்னாடி வாசிச்சாங்க. அப்பா என் முகத்தைப் பார்க்கலை. பேனா மூடியைத் திருகிக்கிட்டே இருந்தார். அப்புறமும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஆனா ஆட்டோவுல ஏத்தும்போதெல்லாம் அந்த வரிதான் ஞாபகம் வரும். யதார்த்தம்னு சொல்லி எல்லாப் பிள்ளையையும் கூண்டுல ஏத்தாதீங்க.

பத்திரக்கடை:
தம்பி, உங்க வலி நியாயம். அப்பா அதை வீட்டிலேயே உட்கார வெச்சுச் சொல்லியிருக்கணும். ஆனா பிள்ளை கெட்டவனா இருந்தாதான் ஆபத்துன்னு நினைக்கிறோமே, அங்கதான் தப்பு. நல்ல பிள்ளை நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவான், அவன் பேர்ல இருக்கிற வீடு ஜப்திக்கு வரும். சொல்லவே கூடாது, அவனுக்கு ஏதாவது ஆயிட்டா? உயில் இல்லாத பட்சத்தில இந்து வாரிசுச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாருக்கும் சமபங்கு. ரெண்டு பேரப்பிள்ளைகள்னா டீச்சரம்மாவுக்கு அவங்க வீட்டிலேயே கால்பங்குதான். அதனால ஆயுள் உரிமையை, அதாவது உயிரோட இருக்கிற வரைக்கும் வீட்டை அனுபவிக்கிற உரிமையை, உங்க பேர்ல நிறுத்திக்கிட்டு எழுதுங்கம்மா.

மூத்த_மருமகள்:
பிள்ளை பார்த்துப்பான், பிள்ளை பார்த்துப்பான்னு எல்லாரும் சொல்றீங்க. எங்க வீட்ல விடியக்காலை மாமியாருக்கு இன்சுலின் போடுறது நான். எந்தப் பத்திரத்துலயும் என் பேர் கிடையாது. வீடு இன்னும் அவங்க பேர்லதான் இருக்கு, வாடகை அவங்க சுருக்குப்பையில. பேரனுக்கு அவங்க காசுல ஆப்பிள் வாங்கித் தர்றாங்க. எங்களுக்குள்ள சண்டை வந்தா ரெண்டு பேரும் சத்தமாப் பேசுவோம். கையில ஒண்ணும் இல்லாம இருந்தா அவங்க வாயடைச்சுப் போயிருப்பாங்க. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. எழுதவே எழுதாதீங்க டீச்சர், உயில் போதும்.

ஒரே_மகன்:
அக்கா சொல்ற உயிலை ஏத்துக்கறேன். ஆயுள் உரிமையும் சரி. அது அம்மா தனக்குன்னு வெச்சுக்கறது. என்னைக் குத்தினது "தவறும் பட்சத்தில்"தான்.

ஓய்வு_டீச்சர்:
ஆயுள் உரிமைன்னு எழுதினா மாடி வாடகை யாருக்கு?

பத்திரக்கடை:
உங்களுக்குத்தாம்மா. நீங்க இருக்கிற வரைக்கும்.

ஓய்வு_டீச்சர்:
ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் பேசறேன். மருமகளையும் கூட உட்கார வெச்சு.