கோல்ஃப் ஷர்ட் என்றால் என்னங்க?

நொய்யல்கரை:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை) சேர்ந்து நாலு மாசம் ஆகிறது. போன வாரம் ஒரு பையரிடமிருந்து (சரக்கு வாங்குகிறவர்) மெயில் வந்தது, 'கோல்ஃப் ஷர்ட்' சாம்பிள் நாலு பீஸ் வேண்டும் என்று. நான் அதைப் போனில் சொல்ல, மாஸ்டர் காதில் 'கல்ஃப்' என்று விழுந்து, துபாய்க்குப் போகிற சரக்கு போல என்று வட்டக் கழுத்தில் தைத்து வைத்துவிட்டார். திட்டு எனக்கு. பணக்காரர்கள் ஆடுகிற ஆட்டத்தின் பெயர் சட்டைக்கு எப்படி வந்தது? அப்புறம், 'ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்குத் தடை' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் கோல்ஃப் என்று வாட்ஸப்பில் வந்ததே, நிஜமா?

ஊத்துக்குளி வெண்ணெய்:
தம்பி, நாம போலோ, காலர் டி-ஷர்ட் என்கிறோமே, அதேதானுங்க. அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா பையர்கள் கோல்ஃப் ஷர்ட் என்று எழுதுவார்கள். பெரும்பாலும் பிக்கே துணி (சின்னச் சின்னக் குழி போல மேடுபள்ளம் தெரிகிற பின்னல்), காலர், ரெண்டு மூணு பட்டன். நிறைய கோல்ஃப் கிளப்புகளில் காலர் இல்லாமல் போனால் உள்ளேயே விட மாட்டார்கள். இனிமேல் போனில் சொல்லாதீங்க, டெக்பேக்கை (படம், அளவு, துணி விவரம் எல்லாம் உள்ள தாள்) கையில் கொடுங்க.

பேரூர் வாத்தியார்:
வாட்ஸப் கதை சுத்தப் பொய். 1457-இல் ஸ்காட்லாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் காலத்துச் சட்டத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஜனங்கள் வில் பழகாமல் இதையே ஆடித் திரிகிறார்கள் என்று கால்பந்தையும் சேர்த்துத் தடை போட்டார்கள். முதலெழுத்துகளைக் கூட்டிச் சொல் செய்கிற பழக்கம் பரவியதே 20-ஆம் நூற்றாண்டில்தான். டச்சு மொழியில் தடிக்கு 'கோல்ஃப்' என்று பெயர், அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலர் கருத்து. தமிழில் குழிப்பந்தாட்டம் என்று எழுதுகிறார்கள். குழி நாலேகால் அங்குலம்தான், நாம கோலிக்குண்டு ஆடத் தோண்டுகிற குழியை விடக் கொஞ்சம் பெரிசு. ஆனால் பேச்சில் 'கோல்ஃப் ஆடப் போனார்' என்றுதான் கேட்டிருக்கிறேன்.

நொய்யல்கரை:
தடிக்குக் கோல்ஃபா? அப்போ நம்ம 'கோல்' போய்த்தான்...

பேரூர் வாத்தியார்:
அங்கேதான் வருவீங்கன்னு தெரியும். ஓசை ஒத்துப்போனால் உறவாகிவிடாது. அந்த டச்சுச் சொல்லுக்கு ஜெர்மனில் 'கோல்பன்' என்று பங்காளி இருக்கிறது, அங்கே மக்காச்சோளக் கருதைக்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். நம்ம கோல் தனி வீடு, தனி வாசல்.

நொய்யல்கரை:
சரிங்க வாத்தியாரே. மாஸ்டரிடம் போய் எல்லாத்தையும் விளக்கினேன். "அதுக்கு நீ காலர் டி-ஷர்ட்டுன்னே சொல்லித் தொலைச்சிருக்கலாமே கண்ணு" என்கிறார்.