விண்வெளி வீரர்களின் கையொப்பம்: கேட்பது, சோதிப்பது, மலைநாட்டு ஈரத்தில் காப்பது

தலவாக்கலை_வானம் எழுதியது:

வணக்கம். பாடசாலை வானியல் கழகத்துக்காக மூன்று விசயம் தெரிய வேண்டும். நாசாவில் இப்போது பணியில் இருக்கும் வீரர்களிடம் கையொப்பமிட்ட படம் கேட்டு 12 பிள்ளைகள் எழுதப் போகிறார்கள். திரும்பி வரும் உறைக்கு நாங்களே முத்திரை ஒட்டி அனுப்ப வேண்டுமா?

அடுத்தது, கண்டியில் ஒருவர், நிலவில் முதலில் இறங்கிய அப்பலோ 11 குழுவின் வர்ணப் படம் ஒன்றை விற்கிறார். 8க்கு 10 அங்குலம். ஆம்ஸ்ட்ரோங், ஓல்ட்ரின், கொலின்ஸ் மூவரும் கையொப்பமிட்டது என்கிறார். 60,000 ரூபா சொல்கிறார். கழகத்தின் கையிருப்பே அவ்வளவுதான்.

கடைசியாக, எங்கள் பக்கம் ஜூன் பிறந்தால் சுவரே வியர்க்கும். வரும் படங்களை லேமினேட் பண்ணி மாட்டிவிடலாமா?

மூன்றாம்_மைல்:

சேர், கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். படத்தைப் பற்றிச் சொல்ல இங்கே ஆள் இருக்கிறது, அதுவரை காசு கொடுத்துவிடாதீர்கள்.

விலாசம்: அஸ்ட்ரோனோட் ஒஃபிஸ், மெயில் கோட் சீ.பீ., நாசா ஜோன்சன் ஸ்பேஸ் சென்டர், ஹூஸ்டன், டெக்சாஸ் 77058, அமெரிக்கா. மேல் வரியில் வீரரின் பெயர். எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில். இது பணியில் இருப்பவர்களுக்கான விலாசம். ஓய்வு பெற்றவர்களுக்கு இங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

நம் முத்திரையை ஒட்டித் திரும்பும் உறை வைப்பதுதான் பலரும் விடும் பிழை. முத்திரை அதை வெளியிட்ட நாட்டில்தான் செல்லும். ஹூஸ்டனில் இலங்கை முத்திரை வெறும் படம். அமெரிக்காவின் வட்டமான சர்வதேச முத்திரை கிடைத்தாலும் ஒன்று போதாது. அது 1 அவுன்ஸ், அதாவது 28 கிராம் வரையான சாதாரணக் கடிதத்துக்கானது. 8க்கு 10 படம் பெரிய உறையில்தான் போகும், அதற்குக் கட்டணம் கூட. மடங்காமல் இருக்க உள்ளே தடித்த மட்டை வைத்தால் அங்கே அதைப் பொதிக் கட்டணத்தில் சேர்த்துவிடுவார்கள். ஆகவே திரும்பும் உறையே வேண்டாம், அவர்கள் தங்கள் செலவில்தான் அனுப்புகிறார்கள். விலாசத்தை மட்டும் இரண்டு இடத்தில் எழுதுங்கள்: கடிதத்தின் தலைப்பில் ஒன்று, தனியாக வெட்டி ஒட்டக்கூடிய வெள்ளைத் துண்டில் ஒன்று.

எந்த விலாசம் என்பதில் கவனம். தோட்டத்துப் பிள்ளை லயத்தின் விலாசத்தைக் கொடுத்தால் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கே கட்டோடு கிடந்து, யாராவது அந்தப் பக்கம் வரும்போதுதான் கைக்கு வரும். பெரிய உறை என்றால் நடுவே இரண்டாக மடித்தும் வைத்துவிடுவார்கள். 12 கடிதத்துக்கும் பாடசாலை விலாசத்தையே போடுங்கள், அதிபர் மேற்பார்வை என்று. ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறையில் வந்தால் யார் வாங்கி வைப்பது என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

கடிதம் அரைப் பக்கம் போதும். 12 பேரும் ஒரே வாசகத்தைப் பார்த்து எழுதினால் அது சுற்றறிக்கை மாதிரி இருக்கும். ஒருவருக்கு ஒரு கடிதம், 12 பேருக்கு 12 வெவ்வேறு வீரர்கள். அந்த வீரர் செய்த ஒரு வேலையைப் பற்றி ஒரு கேள்வி இருக்கட்டும். பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் தனி வரியில் அச்செழுத்தாக எழுதுங்கள். நம் பெயர்களின் நீளத்துக்கு அங்கே பாதி எழுத்து காணாமல் போகும். நீங்களாகப் படமோ புத்தகமோ அனுப்ப வேண்டாம், வராமல் போனால் கேட்க ஆளில்லை. ஏ4 தாள் ஒன்று 5 கிராம்தான், உறையோடு சேர்த்தும் பாரம் குறைவு. தபாற்கந்தோர் தராசில் வைத்தே முத்திரை வாங்குங்கள். பதிவுத் தபால் வீண் செலவு.

மாதக்கணக்கில் ஆகும். பயணத்துக்குப் பெயர் அறிவிக்கப்பட்டவர், மேலே விண்வெளி நிலையத்தில் இருப்பவர் இருவரையும் தவிர்ப்பது நல்லது. கையால் போட்ட கையொப்பம் வேண்டுமென்றால் கீழே தரையில் இருப்பவர்தான் வழி.

லென்ஸ்_பண்டாரவளை:

படத்தை வாங்காதீர்கள். விலையே கதையைச் சொல்கிறது. அப்பலோ 11 இன் மூவரும் கையால் போட்ட படம் ஏலத்தில் ஆயிரக்கணக்கான டொலருக்குப் போகும். 60,000 ரூபாவுக்கு அது கண்டிக்கு வந்து உங்களுக்காகக் காத்திருக்காது. ஆம்ஸ்ட்ரோங் தன் கையொப்பம் விற்கப்படுவதையும் போலியாக்கப்படுவதையும் கண்டு 1994 அளவில் கையொப்பமிடுவதையே நிறுத்திவிட்டார். 2012 இல் காலமானார். அதனாலேயே போலிகளில் அவர் பெயர் அதிகம்.

ஆனால் போலி என்றால் எல்லாம் ஒரே வகை அல்ல. 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று, ஜன்னல் வெளிச்சம், ஓ.எச்.பி. தாள் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்று இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்.

முதலில் கோட்டின் மேல் லென்ஸை வையுங்கள். கையொப்பமே நுண்ணிய வர்ணப் புள்ளிகளால் ஆனதென்றால் அது படத்தோடு சேர்த்து அச்சடித்தது. மை என்றால் கோடு ஒரே நிறமாகப் படத்தின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும். படத்தைச் சாய்த்துப் பிடித்தால் மையின் மினுக்கமும் தாளின் மினுக்கமும் வேறுபடும்.

மை என்று தெரிந்தால் அடுத்த சந்தேகம் ஓட்டோபென். 1960களில் நாசா இந்த இயந்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தியது. வார்ப்பு ஒன்றில் பதிந்த கையொப்பத்தை இயந்திரக் கை திரும்பத் திரும்ப வரையும். மனிதன் எழுதும்போது பேனை ஓடிக்கொண்டே தாளைத் தொடும், ஓடிக்கொண்டே விலகும். அதனால் கோட்டின் தொடக்கமும் முடிவும் கூராக இருக்கும். இயந்திரம் பேனையை இறக்கி நிறுத்திவிட்டுத்தான் ஓடத் தொடங்கும், ஆகவே இரு முனையிலும் மைப்புள்ளி தேங்கும். நடுவில் அழுத்தம் ஏறி இறங்காது, மேலே போகும் கோடும் கீழே வரும் கோடும் ஒரே தடிப்பு. வளைவுகளில் மெல்லிய நடுக்கம் தெரியும், முதியவரின் கை நடுங்குவது போல.

கடைசிச் சோதனை மேல்வைப்பு. தெரிந்த ஓட்டோபென் வார்ப்புகளின் படங்கள் இணையத்தில் நிறைய உண்டு. ஆம்ஸ்ட்ரோங்குக்கே பல வார்ப்புகள். அவற்றை ஒரே அளவில் ஓ.எச்.பி. தாளில் அச்சிட்டு மேலே வைத்துப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் முடிந்தது கதை. ஒரே மனிதன் போடும் இரண்டு கையொப்பம் அச்சொட்டாகப் பொருந்தவே பொருந்தாது. தாள் சற்று நழுவியதால் ஓரிடத்தில் விலகலாம், அதைப் பார்த்து உண்மை என்று நினைத்துவிடாதீர்கள்.

தலவாக்கலை_வானம்:

நன்றி அண்ணே. படத்தை ஒரு நாள் இரவல் தந்தார். புள்ளிகள் இல்லை, மைதான். ஓல்ட்ரினின் கோடு தொடங்கும் இடத்தில் கடுகளவு கறுப்புப் பொட்டு, முடியும் இடத்திலும் அப்படியே. ஆம்ஸ்ட்ரோங்கின் முதல் எழுத்தில் கோட்டுத் தடிப்பு மாறவில்லை. ஓ.எச்.பி. தாளில் ஆம்ஸ்ட்ரோங்கும் கொலின்ஸும் பொருந்துகிறார்கள். படத்தின் மேல் ஓரத்தில் எஸ்-69 என்று சிவப்பு இலக்கம். பின்பக்கம் சாய்வாகக் கொடக் தாள் என்று ஆங்கிலத்தில் பல வரி.

லென்ஸ்_பண்டாரவளை:

அப்படியென்றால் படம் நல்ல படம், கையொப்பம் இயந்திரம். சிவப்பு இலக்கமும் பின்னால் கொடக் எழுத்தும் அந்தக் காலத்து நாசா வர்ணப் படங்களின் அடையாளம். கறுப்பு வெள்ளைப் படமென்றால் இலக்கமும் கறுப்பாக இருக்கும். இந்த இரண்டையும் காட்டித்தான் பலர் கையொப்பமும் அசல் என்று விற்கிறார்கள். தாள் பழையது என்பது கையொப்பத்துக்குச் சாட்சி அல்ல. பழைய படமாக, ஓட்டோபென் என்று வெளிப்படையாகச் சொல்லி, விலையை நன்றாகக் குறைத்துத் தந்தால் பிள்ளைகளுக்குக் காட்ட வாங்கலாம். இயந்திரக் கையொப்பம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

காசு கொடுத்தே வாங்குவதென்றால் அஸ்ட்ரோனோட் ஸ்கொலர்ஷிப் பவுண்டேசன் நடத்தும் ஏலத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களான மேர்க்குரி குழுவினர் 1984 இல் தொடங்கியது, வருமானம் புலமைப்பரிசிலுக்குப் போகிறது. பின்னால் வந்த ஷட்டில் விண்ணோடக் காலத்து வீரர்களின் கையொப்பம் அப்பலோ ஆட்களுடையதைவிடப் பல மடங்கு மலிவு.

கம்பளை_பிறை:

இடையில் ஒரு கேள்வி. விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின் 1961 டிசம்பரில் இலங்கைக்கு வந்தாரே, பேராதனைப் பூங்காவில் அவர் நட்ட மரம் கூட இருக்கிறது. அந்த வருகையின்போது போட்டது என்று சொல்லும் கையொப்பத்தில் எதைப் பார்ப்பது?

லென்ஸ்_பண்டாரவளை:

முதலில் பேனை. மெல்லிய நார்முனைப் பேனைகள் 1962க்குப் பிறகுதான் பரவின, ஷார்ப்பி மார்க்கர் 1964 இல் வந்தது. 1961 டிசம்பர் கையொப்பம் மெல்லிய மார்க்கரில் இருந்தால் அங்கேயே மூடிவிடலாம். ஊற்றுப்பேனை அல்லது குமிழ்முனைப் பேனையாக இருக்க வேண்டும். அடுத்தது தாள். பிளாஸ்டிக் பூச்சுள்ள வழுவழுப்பான போட்டோத் தாள் 1960களின் கடைசிக்குப் பிறகு வந்தது. ககாரின் இறந்தது 1968 மார்ச் 27. அதற்குப் பின் அச்சான முத்திரை உறையில் அவர் கையொப்பம் இருப்பதாகவும் விற்பார்கள், ஆகவே உறையின் அச்சாண்டை முதலில் படியுங்கள். கையொப்பத்தையே அச்சிட்ட சோவியத் அஞ்சலட்டைகளும் உண்டு, அதற்கு மேலே சொன்ன லென்ஸ் சோதனையைச் செய்து பாருங்கள்.

ஹப்புத்தளை_காற்று:

லேமினேட்டா? சேர், தயவுசெய்து வேண்டாம். பிறப்புச் சான்றிதழிலிருந்து சாதாரண தரப் பெறுபேறு வரை லேமினேட் பண்ணிப் பழகிய ஊர் நம்முடையது, ஆனால் இது வேறு. 100 பாகைக்கு மேல் சூடான உருளை பசையை உருக்கித் தாளோடு ஒட்டுகிறது. மார்க்கர் மை அதில் பரவும், பிறகு பிரிக்கவே முடியாது.

பொலிப்புரொப்பிலீன் அல்லது பொலியெஸ்டர் உறையில் போடுங்கள். புத்தகக் கடையில் கிடைக்கும் மென்மையான, பிளாஸ்டிக் வாசம் அடிக்கும் உறை பி.வி.சி. காலப்போக்கில் ஒட்டும், மையை உறிஞ்சும். உறைக்குள் பின்புறம் அமிலமற்ற மட்டை.

பூஞ்சணம் பிடிப்பது ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டும்போது. 40க்கும் 50க்கும் இடையில் வைத்திருங்கள். 30க்குக் கீழே போனால் படம் சுருண்டு வளையும். இறுக்கமான மூடியுள்ள 12 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி, 100 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று. இவ்வளவுதான். நிறம் மாறும் ஜெல் வாங்குங்கள். செம்மஞ்சள் பச்சையானால் ஈரம் ஏறிவிட்டது. 120 பாகை அவணில் 2 மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். நீல ஜெல்லில் கோபால்ட் சேர்மம் இருக்கிறது, அதைச் சமையல் சட்டியில் வறுக்க வேண்டாம். மழை பிடித்த நாளில் பெட்டியைத் திறந்து ஆளுக்காள் காட்டிவிட்டு மூடினால் அந்த ஈரக் காற்றையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள். காட்டுவதென்றால் காய்ந்த பகலில்.

தகரப் பெட்டி கூடாது, இரவுக் குளிரில் உள்ளே நீர்த்துளி கோர்க்கும். பூச்சி உருண்டையின் ஆவி பிளாஸ்டிக் உறையை இளக்கும். வேப்பிலை தன் ஈரத்தையே பெட்டிக்குள் விடும். அடுப்படிச் சுவரை ஒட்டிய அலுமாரியும் வேண்டாம், விறகுப் புகை படியும்.

சுவரில் மாட்டித்தான் ஆகவேண்டுமென்றால் படத்தின் நகலை மாட்டுங்கள். அசல்தான் என்றால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி 2, 3 மில்லிமீற்றர் மட்டைச் சட்டம் நடுவில் வேண்டும். தொட்டால் ஈரத்தில் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், கழற்றும்போது முகம் கண்ணாடியிலேயே நின்றுவிடும். வெயில் படும் சுவரில் மார்க்கர் மை சில வருடத்திலேயே வெளிறும்.

மூன்றாம்_மைல்:

இன்னொன்று. யாராவது வீரர் கொழும்புக்குப் பேச வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனால், ஆளுக்கு ஒரு படம், பின்னால் கடினமான பலகை. மூடி கழற்றிய பேனையோடு நீட்டுங்கள். கறுப்பு வானப் பின்னணியில் நீல மார்க்கர் தெரியாது, வெள்ளை உடையின் மேல் போடச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளி நிறப் பேனை என்றால் முன்பே குலுக்கி, வேறு தாளில் இரண்டு கோடு இழுத்து மை வருகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் முதல் எழுத்திலேயே சொட்டும். பெயரை ஒட்டுத்தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் படத்தின் மேல் ஒட்டி வையுங்கள். கையொப்பம் விழுந்த பிறகு ஒரு நிமிடம் யாரும் தொடக்கூடாது. உறைக்குள் போடுவது பஸ்ஸில் ஏறும்போதுதான்.

தலவாக்கலை_வானம்:

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஓட்டோபென் என்று பின்னால் பென்சிலால் எழுதித் தருவதென்றால் 5,000 ரூபாவுக்கு எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. கடிதங்களில் ஏழு முடிந்தது, பெயர் வரி பெரிய எழுத்தில்.