ஐராவதியில் நிதானக் கப்பல் பயணம்: பர்மாவைக் காண ஏற்ற வழியா?

நெடுங்கரை எழுதியது:

பாகனிலிருந்து மாந்தலே வரை ஐராவதி ஆற்றில் மெல்லச் செல்லும் கப்பல் பயணத்தை, வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று இக்குழுவில் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். நான் அதை ஏற்கவில்லை. பாகன், அவா, சகாயிங், அமரபுரா, மிங்குன், மாந்தலே எனப் பர்மிய அரசர்கள் தலைநகரையோ பெருங்கோயிலையோ எழுப்பிய இடங்களெல்லாம் இந்த ஒரே ஆற்றின் கரையில் அமைந்திருப்பது தற்செயல் அன்று. மழை குறைந்த அந்த நடுநிலத்துக்குக் கியாவுக்சே பாசன வயல்களின் நெல்லும், காடுகளின் தேக்கும் ஆற்று வழியாகவே வந்து சேர்ந்தன. விமானத்தில் வந்து இறங்குபவருக்குப் பாகனின் 3,500க்கு மேற்பட்ட கட்டடங்களும் கண்ணில் படும். அவை ஏன் அங்கே நிற்கின்றன என்பது மட்டும் விளங்காது. போதப்பயா மன்னர் 1790இல் தொடங்கி முடிக்காமல் விட்ட மிங்குன் பெருங்கோயிலின் செங்கல் மலையை ஆற்றின் நடுவிலிருந்து நெருங்கிப் பார்க்கும்போதுதான், அது யாருடைய கண்ணுக்காக எழுப்பப்பட்டது என்பது புரிகிறது.

கப்பல் மெதுவாகச் செல்வதும் வெறும் ஆடம்பரம் அன்று. கோடையில் நீர் வற்றி மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், முன்தளத்தில் ஒருவர் மூங்கில் கழியால் ஆழம் பார்த்துச் சொல்லச் சொல்லத்தான் கப்பல் நகர முடியும்.

கீழைக்காற்று எழுதியது:

நண்பர் நெடுங்கரை அவர்கள் ஆற்றைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. கப்பலைப் பற்றியே மாறுபடுகிறேன். கப்பலில் நிதானம் உண்டு, ஆனால் கரையில் இறங்கியதும் அது மறைந்துவிடுகிறது. 1826இல் முதல் ஆங்கில–பர்மியப் போரை முடித்த ஒப்பந்தம் கையெழுத்தான யாண்டபோ, இன்று பானை வனையும் சிற்றூர். வழிகாட்டி அங்கே சூளையைக் காட்டுவார், சிலர் ஒரு குடம் வாங்குவார்கள், மணி அடித்ததும் எல்லோரும் திரும்பிவிடுவார்கள். பாகனின் ஆனந்தா கோயிலில் புத்தர் பெருமானின் வாழ்க்கையைச் சொல்லும் 80 கற்சிற்பங்களை வரிசையாகப் பார்ப்பதற்கே ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும். கப்பல் அட்டவணை அதைத் தருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலேய நீராவிக் கப்பல்களின் தேக்குத் தளமும் பித்தளைக் கைப்பிடியும் இப்போதைய கப்பல்களில் பெருமையோடு மறுபடியும் செய்யப்படுகின்றன. 1885 நவம்பரில் ஐராவதிக் கப்பல் நிறுவனத்தின் கலங்களே ஆங்கிலப் படையை மாந்தலேவுக்கு ஏற்றிச் சென்றன என்பதும், பர்மாவின் கடைசி மன்னரான திபா அந்த ஆற்றின் வழியாகவே நாட்டை விட்டுக் கொண்டுசெல்லப்பட்டுச் சென்னை வழியாக மராட்டியக் கரையிலுள்ள இரத்தினகிரியில் சிறைவைக்கப்பட்டார் என்பதும் அந்த அலங்காரத்துக்குள் காணாமல் போகின்றன. தளத்தில் தேநீரோடு அமர்ந்திருப்பவருக்கு இதை யார் சொல்கிறார்கள்?

நெடுங்கரை எழுதியது:

சொல்லாதது வழிகாட்டியின் குறை. அதற்காக ஆற்றுப் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. தரையில் பேருந்தில் போகிறவருக்கும் 1885ஐ யாரும் சொல்லப்போவதில்லை. பழைய பாகனில் குடியிருந்த மக்கள் 1990இல் கட்டாயமாக வெளியேற்றப்பட்டுப் புதிய பாகனில் குடியமர்த்தப்பட்டதையும், அங்கே விடுதியில் தங்கும் எத்தனை பேர் அறிவர்?

நம்மவர்க்கு ஆற்றோடு இன்னும் நெருக்கமான தொடர்பு உண்டு. பாகனில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, கேரளக் கரையிலிருந்த மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி, நானாதேசி என்னும் வணிகக் குழுவின் பெயரால் அமைந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் அளித்ததைச் சொல்கிறது. கடலிலிருந்து அவ்வளவு உள்ளே, தேரவாத பௌத்தம் தழைத்திருந்த தலைநகரில், கடல் கடந்து வணிகம் செய்தவர்கள் பெருமாளுக்கு ஒரு கோயிலை வைத்திருந்தார்கள் என்றால், அந்த நகரை வெளியுலகோடு இணைத்தது இந்த ஆறுதான். அதே திசையில் நீர்மேல் செல்வதை வெறும் கேளிக்கை என்று என்னால் எண்ண முடியவில்லை.

மருதநிழல் எழுதியது:

இருவரும் வரலாற்றைப் பேசுகிறீர்கள். இன்று அங்கே வாழ்வோரை இருவருமே விட்டுவிட்டீர்கள். 2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் சகாயிங் பகுதி கடும் போர்க்களமாகியுள்ளது. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவிலான நிலநடுக்கத்தில், 1934இல் திறக்கப்பட்ட பழைய அவா பாலம் ஆற்றிலேயே விழுந்தது. இந்நிலையில் பௌத்த நாட்டின் அமைதியைத் தேடி அந்நீரில் உல்லாசமாகப் போவது எனக்கு ஒப்பவில்லை. 1996ஐச் சுற்றுலா ஆண்டாக அன்றைய இராணுவ அரசு கொண்டாட முனைந்தபோது, ஆங் சான் சூகி அவர்கள் வெளிநாட்டாரை வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை நினைவூட்டுகிறேன்.

கீழைக்காற்று எழுதியது:

மருதநிழல் அவர்களே, ஆங் சான் சூகி அவர்களின் கட்சியான தேசிய ஜனநாயக லீக் 2011இல் தன் நிலைப்பாட்டை மாற்றித் தனியாக வருவோரை வரவேற்றது. பெருங்கூட்டமாக வரும் தொகுப்புச் சுற்றுலாவை மட்டுமே ஏற்கவில்லை. என் எதிர்ப்பும் அங்கேதான் நிற்கிறது. போர் ஓய்ந்து செல்லத்தக்க காலம் வரும்போது, பாகனை அடுத்த மியின்கபா என்னும் சிற்றூரில் அரக்குப் பாத்திரம் செய்பவரின் பட்டறைக்கு எதிரே ஒரு சிறு விடுதியில் பல நாள் தங்குங்கள். மாந்தலேயிலிருந்து மிங்குனுக்கு உள்ளூர்ப் படகில் போய்வாருங்கள். ஆறும் கிடைக்கும், பணமும் ஊரிலேயே தங்கும்.

நெடுங்கரை எழுதியது:

போர்க்காலத்தில் போகக் கூடாது என்பதில் நான் மருதநிழல் அவர்களோடு உடன்படுகிறேன். ஆனால் மிங்குனுக்கு உள்ளூர்ப் படகு என்பது ஓர் அரைநாள் பயணமே. பாகன் முதல் அவா வரை தலைநகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் மேலேறிய வரிசையை அது காட்டாது. அந்த முழு நீளத்தையும் உள்ளூர்ப் படகுகளிலேயே கடக்கும் வழி ஒன்றை நீங்கள் எழுதினால், கப்பலுக்காக நான் வாதிடுவதை விட்டுவிடுகிறேன்.