புதுப்பிப்பு: மூணாறு உறைபனியும் கிணற்று மோட்டாரும்

மூணாறு எஸ்டேட் பக்கத்துக்கு முன்பு எழுதியதில், உள்ளே நீர் உறையாமலிருக்க மோட்டாருக்குச் சாக்கு சுற்றச் சொல்லியிருந்தேன். அது போதாது. சாக்கு குளிரைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். நனைந்தால் அதுவும் இல்லை. உறையும் நீர் சுமார் 9 சதவீதம் பருக்கும். வார்ப்பிரும்பு கேசிங் (நீர் நிற்கும் பம்பின் வெளிக்கூடு) வளைந்து கொடுக்காது, விரிசல்தான்.

உறைபனியில் புல் வெளுக்கும் என்று தோன்றும் ராத்திரிகளில் மெயினை அணைத்து, நீர் வெளியேறும் குழாயிலுள்ள டெலிவரி வால்வை மூடி, கேசிங் அடியிலுள்ள டிரெயின் பிளக்கை (நீர் வடிக்கும் அடைப்பானை) கழற்றுங்கள். மேலே நீர் ஊற்றும் மூடியையும் திறக்கணும். காற்று புகாவிட்டால் நீர் பாதியில் நின்றுவிடும். பிளக்கை மோட்டாரிலேயே கட்டித் தொங்கவிடுங்கள், புல்லில் விழுந்தால் கிடைக்காது. வால்வுக்கு அப்பால் வெளியே ஓடும் குழாய்க்குத் தாழ்வான இடத்தில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு, நீரை வடிக்க அரை இன்ச் டேப் (திருகு குழாய்). கிணற்றுக்குள் இறங்கும் குழாயை விட்டுவிடலாம்.

காலையில் பிளக்கை மாட்டி, நீர் நிரப்பிய பிறகே சுவிட்ச். காய்ந்து ஓடினால் நீர் கசியாமல் தடுக்கும் சீல் போச்சு. குழாய் உறைந்திருந்தால் டேப்பைத் திறந்து, வெதுவெதுப்பான துணி சுற்றுங்கள். பிவிசி பக்கம் தீயே வேண்டாம்.