இரண்டு இலட்சத்துக்குள் கேமிங் பிசி: இந்தக் கொட்டேஷன் சரியா?

கேள்வி (வெள்ளவத்தை)

வணக்கம் அண்ணாமார், அக்காமார். ஏ/எல் முடிந்தபிறகு டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசும் அப்பா தருவதுமாக இரண்டு இலட்சம் ரூபா இருக்கிறது. ஒரு கடையில் இப்படி எழுதித் தந்தார்கள்: ரைசன் 5 5600ஜி பிராசசர், ஏ520 மதர்போர்ட், 8 ஜிபி ரேம் ஒன்று, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், 500 ஜிபி எஸ்எஸ்டி, லைட் எரியும் கேசிங், 600 வாட் பவர் சப்ளை. 1080பி மொனிட்டர் வீட்டில் இருக்கிறது. வெலரண்ட், ஜிடிஏ 5 விளையாட வேண்டும். கம்பஸ் போனாலும் இதுதான். பிழைத்துப்போனால் திரும்ப வாங்க வசதியில்லை, அதுதான் பயம்.

பதில் (கொட்டாஞ்சேனை)

தம்பி, முற்பணம் கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு சாமானும் தனியே நல்லதுதான், ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 6500 எக்ஸ்டி கார்டுக்கு நான்கே பிசிஐஇ பாதைகள், அதாவது கார்டும் போர்டும் தரவு பரிமாறும் வழிகள். நான்காம் தலைமுறை பிசிஐஇ உள்ள போர்டில் அது சமாளிக்கும். 5600ஜி-யும் ஏ520-உம் மூன்றாம் தலைமுறை, அதனால் பாதையின் வேகம் பாதியாகிவிடும். கார்டின் சொந்த 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் மிச்சத்தை ரேமிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த நேரம் படம் திக்கித் திக்கி ஓடும்.

5600ஜி-யின் சிறப்பே உள்ளே இருக்கும் கிராபிக்ஸ். தனிக் கார்ட் போட்டால் அது சும்மா கிடக்கும். ஆகவே ஜி இல்லாத 5600, ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கார்ட், 8 ஜிபி ரேம் இரண்டு என்று கேளுங்கள். காசு போதாவிட்டால் இப்போதைக்குக் கார்டே வேண்டாம். 5600ஜி-யோடு இரண்டு ரேம் போடுங்கள், வெலரண்ட் நன்றாக ஓடும். ஒற்றை ரேம் மட்டும் வேண்டாம், உள் கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் நம்பியிருக்கிறது.

லைட் கேசிங்கை விடுங்கள். அந்தக் காசு பவர் சப்ளைக்குப் போகட்டும். அதன் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை அம்பியர் என்று பார்த்தீர்களா?

கேள்வி (வெள்ளவத்தை)

இன்று போய்ப் பார்த்தேன் அண்ணா. 25 அம்பியர் என்று இருக்கிறது.

பதில் (கொட்டாஞ்சேனை)

12ஐ 25ஆல் பெருக்குங்கள், 300 வாட். பிராசசரும் கார்டும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. பெட்டியில் 600 என்று போட்டு உள்ளே பாதி தருபவரின் மற்ற எண்களையும் நான் நம்பமாட்டேன். 6600 கார்டுக்கு 132 வாட், 5600க்கு 65 வாட் என்று கணக்கு. நல்ல பெயருள்ள, புரோன்ஸ் (மின் சிக்கனத் தரம்) போட்ட 500 வாட் பவர் சப்ளை ஒன்று தாராளம். இதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம் தம்பி.

பதில் (தெஹிவளை)

6600 புதிது கைக்கு எட்டாவிட்டால் பாவித்தது பார்க்கலாம். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் காசைக் கார்ட்களால் ஈட்டும் மைனிங் நின்றபிறகு நிறையக் கார்ட் விற்பனைக்கு வந்தது. மைனிங் கார்ட் என்றதும் ஓட வேண்டாம். இருபது நிமிடம் கேம் ஓடவிட்டு, ஃபேன் கரகரக்கிறதா, படத்தில் கோடு விழுகிறதா என்று நின்று பாருங்கள். ஆர்எக்ஸ் 580 காட்டினால் ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் ஷேடர் (கார்டின் கணிப்பு அலகு) எண்ணிக்கை பாருங்கள்: 2304 இருக்க வேண்டும். 2048 என்றால் குறைந்த வகை, அதற்கேற்ற விலைதான் கொடுக்கலாம்.

இன்னொன்று, 5600இல் உள் கிராபிக்ஸ் இல்லை. மொனிட்டர் வயரைப் போர்டில் செருகினால் படம் வராது, கார்டில்தான் செருக வேண்டும். என் தம்பி ஒரு இரவு முழுக்க இதற்காக அழுதான்.

கேள்வி (வெள்ளவத்தை)

சரி அக்கா. சனிக்கிழமை அப்பாவோடு யூனிட்டி பிளாசா போகிறேன். பி450 போர்ட் காட்டினால் எடுக்கலாமா?

பதில் (கொட்டாஞ்சேனை)

எடுக்கலாம். அதுவும் மூன்றாம் தலைமுறைதான், ஆனால் 6600க்கு எட்டுப் பாதை என்பதால் பெரிதாக இழக்கமாட்டீர்கள். போர்டின் தொடக்க மென்பொருளான பயோஸ் பழையது என்றால் 5600ஐ அடையாளம் காணாது, கடையிலேயே அப்டேட் செய்து, திரையில் படம் வந்தபிறகு காசைக் கொடுங்கள்.