பச்சைப்பால் அமிர்தமாம்! முழு ஸ்லோகத்தையும் படிச்சீங்களா?

ஏட்டுச்சுவடி: குடும்ப குரூப்புல ஒரு வீடியோ சுத்துது. "பாலைக் காய்ச்சினா செத்துடும், ஆயுர்வேதமே பச்சைப்பாலை அமிர்தம்னு சொல்லுது"ன்னு ஒருத்தர் தாடியைத் தடவிக்கிட்டே பேசறார். கீழே பால் ஆர்டர் பண்ண நம்பர் வேற. ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர், தன்னோட அஷ்டாங்க ஹ்ருதயம் நூல்ல, சூத்திரஸ்தானம்ங்கற பகுதியோட அஞ்சாம் அத்தியாயத்துல சொன்னது இது: பச்சைப்பால் கனம், சளி கட்டும். பக்குவமாக் காய்ச்சினா அந்தக் குணம் மாறும். சுண்டச் சுண்டக் காய்ச்சினா இன்னும் கனம். அதுக்கப்புறம்தான் தாரோஷ்ணம், அதாவது கறந்த சூடு ஆறாத பால், அமிர்தத்துக்குச் சமம்னு வருது. முன்பாதியை முழுங்கிட்டு வியாபாரம் பண்றாங்க.

பசுநேசன்: அமிர்தம்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அப்புறம் எதுக்கு சார் இவ்வளவு நீளப் புலம்பல்? எங்க தாத்தா தொழுவத்துலயே சொம்புல வாங்கிக் குடிப்பார். கடைசி வரைக்கும் கண்ணாடி போடலை.

ஏட்டுச்சுவடி: தாத்தா தொழுவத்துல குடிச்சார். உங்களுக்கு வர்றது 4 மணிக்குக் கறந்து, ஐஸ் பெட்டியில ஏறி, 7 மணிக்கு கேட்டுல தொங்கற பாட்டில். சூடு எங்கே சார்? இன்னொரு ஆயுர்வேத ஆசான் சுஸ்ருதரும் கறந்த சூட்டோடதான் நல்லது, இல்லேன்னா நேர்மாறுங்கறார்.

பசுநேசன்: லேசா சுட வச்சுக்கிட்டாப் போச்சு.

ஏட்டுச்சுவடி: சுட வைக்கறதுன்னு இறங்கிட்டா காய்ச்சியே குடிங்களேன்! அதைத்தானே வாக்படரும் சொல்றார்?

கறவைக்காரி: நான் மாடு கறக்கறவளுங்க. முதல் பீச்சைக் கறுப்புத் துணியில விட்டுப் பாருங்க, மடிநோய் இருந்தா திரிதிரியா நிக்கும். அதைப் பார்க்காம நேரா பாத்திரத்துல பீச்சற ஆளுதான் ஜாஸ்தி. கன்று வீச்சு நோய், அதான் புருசெல்லோசிஸ், இருக்கற மாட்டுப் பாலைப் பச்சையாக் குடிச்சா மனுசனுக்கும் வரும், காய்ச்சல் வாரக்கணக்குல விட்டு விட்டு அடிக்கும். கிடேரிக் கன்னுக்கு 4 மாசத்துலேர்ந்து 8 மாசத்துக்குள்ள அதுக்கு ஒரே தடுப்பூசி. உங்க பண்ணைக்காரர் போட்டாரான்னு கேட்டீங்களா?

பசுநேசன்: அக்கா, அதெல்லாம் ஜெர்சிக்கு. நாட்டு மாட்டுக்கு நோயே வராது. ஏ2ங்கற புரதம் இருக்கற பால்!

கறவைக்காரி: கிருமி என்ன, திமில் இருக்கான்னு பார்த்துட்டா தம்பி உள்ள போகுது?

டீக்கடை பெஞ்ச்: ஏ2 பேச்சு வந்தாச்சா? 2024 ஆகஸ்டுல உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ அந்த லேபிளை எடுக்கச் சொல்லிட்டு, ஒரு வாரத்துக்குள்ள உத்தரவை வாபஸ் வாங்கிச்சே, அந்தக் கூத்துதானே?

பசுநேசன்: வாபஸ் வாங்கினாங்கல்ல? அப்ப உண்மைன்னுதானே அர்த்தம்?

டீக்கடை பெஞ்ச்: நல்லா இருக்கு உங்க நியாயம்.

பொதிகைச் சித்தன்: தமிழன் மருத்துவத்தை விட்டுட்டு எதுக்கு வாக்படர், சுஸ்ருதர்? சித்தர் தேரையர் மோரைத் தண்ணி விட்டுப் பெருக்கி நெய்யை உருக்கிச் சாப்பிடச் சொன்னார். அது போதாதா?

ஏட்டுச்சுவடி: அதுல பச்சைப்பால் எங்கே வருது? இங்கே பேச்சு தாரோஷ்ணம் பத்தி. சூடு ஆறினதா, ஆறலையா? இதுக்கு மட்டும் ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க.

பொதிகைச் சித்தன்: சமஸ்கிருதத்துல சொன்னாத்தான் சார் காதுல ஏறும் போல.

பசுநேசன்: விடுங்க சித்தரே. போன வருஷம் கருங்காலி மாலைச் சண்டையில மூக்குடைபட்டார், அந்தக் கடுப்பு.

ஏட்டுச்சுவடி: அந்த மாலையை இங்கே கூவிக்கூவி வித்தது யாரு? சொல்லட்டுமா? பாலுக்கு வாங்க. 4 மணிக்குக் கறந்தது 7 மணிக்குச் சூடா இருக்குமா?

பசுநேசன்: அமிர்தம்னு எழுதியிருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல.

ஏட்டுச்சுவடி: கறந்த சூட்டுல! கறந்த சூட்டுல! எத்தனை தடவை எழுதறது?

கறவைக்காரி: அந்த வீடியோ நம்பருக்குப் போன் போட்டேனுங்க. அவன் சொல்ற விலையில பாதி கூட எனக்கு சொசைட்டியில வராது. ஊசி போட்டீங்களான்னு கேட்டதும் கட் பண்ணிட்டான்.

பசுநேசன்: பொறாமை, வேறென்ன.