.458 வின்செஸ்டரை லாட் ஆக்கலாமா?

சேலத்தான் (கேள்வி)

வணக்கம். டெக்சாஸில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக மான், பன்றி எல்லாம் .30-06 ரைபிளில்தான். போன டிசம்பரில் ஒரு பெரியவரிடம் பழைய சி.இசட். 550 ரைபிள் ஒன்று வாங்கினேன். .458 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கானது. வால்நட் கட்டையில் அவர் கை பட்டுப் பட்டு மெருகேறிய இடம் அப்படியே இருக்கிறது. அடுத்த ஆகஸ்டில் ஜிம்பாப்வேயில் காட்டெருமை வேட்டை, முன்பணமும் கட்டியாயிற்று.

சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் குழி) .458 லாட் என்ற நீளமான தோட்டாவின் அளவுக்கு ஆழப்படுத்தினால் அதே குழலில் 500 கிரெய்ன் (சுமார் 32 கிராம்) குண்டு நொடிக்கு 700 மீட்டர் போகும் என்கிறார் இங்குள்ள பட்டறைக்காரர். அரை நாள் வேலையாம். ஆனால் கடைந்தெடுத்த இரும்பு திரும்ப வராது. செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

குண்டுமணி

முதலில் ஒரு குரோனோகிராப் வைத்து இப்போது என்ன வேகம் வருகிறது என்று அளந்து பாருங்கள். 1956-இல் வின்செஸ்டர் இந்தத் தோட்டாவை வெளியிட்டபோது 650 மீட்டர் என்று அறிவித்தார்கள். சாதாரண நீளக் குழலில் பலருக்கு 610 கூட வரவில்லை. சின்ன கேஸில் (தோட்டாவின் பித்தளைக் கூடு) வெடிமருந்தை நெருக்கித் திணித்ததால் சில தோட்டாக்களில் அது கட்டிதட்டிப் போன கதையும் உண்டு. கெட்ட பெயர் அங்கிருந்து வந்ததுதான். இன்றைய மருந்துகள் வேறு. நான் 450 கிரெய்ன் குண்டுக்கு மாறினேன், 670 தாராளமாக வருகிறது. சேம்பரைத் தொடவே இல்லை.

பட்டறை மணி

தம்பி, நான் கோவையில் டூல் ரூமில் தொழில் பழகியவன். ஒன்பது வருடமாகத் தென்னாப்பிரிக்காவில், துப்பாக்கிப் பட்டறையில் வேலை. இந்த மாற்றத்தை என் கையாலேயே செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

லாட் என்பது ஜாக் லாட் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் உருவாக்கியது. 1959-இல் மொசாம்பிக்கில் .458 வின்செஸ்டரால் சுட்ட காட்டெருமை அவரை முட்டிக் காயப்படுத்திவிட்டது. அந்தக் காயத்திலிருந்து பிறந்த தோட்டா இது, 1971-இல் வந்தது. அடிப்பாகமும் பெல்ட்டும் (கேஸின் அடியைச் சுற்றிய தடித்த வளையம்) குண்டின் விட்டமும் வின்செஸ்டருக்கு உள்ளவைதான். கேஸ் மட்டும் 63.5 மி.மீ.-க்குப் பதில் 71. அதனால்தான் குழலை மாற்றாமல் செய்ய முடிகிறது. ரீமர் (சேம்பர் கடையும் கருவி) முன்பக்கம் மட்டும் கடைகிறது, பெல்ட் உட்காரும் படியைத் தொடவே கூடாது. அதைத் தொட்டால் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்திலிருந்து அந்தப் படி வரையுள்ள அளவு) போயிற்று. தெரிந்த கைக்கு அந்த வேலை அரை நாள்தான், உங்கள் ஆள் பொய் சொல்லவில்லை.

அவர் சொல்லாமல் விட்டது மாகசின், அதாவது தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி. வேறொரு பட்டறையில் லாட் ஆக்கிய ரைபிள் ஒன்று என்னிடம் வந்தது. சேம்பரில் குறையே இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. மெதுவாக போல்ட்டை இழுத்துத் தள்ளினால் தோட்டா அழகாக ஏறும். வேகமாகத் தள்ளினால் இரண்டாவது தோட்டா மூக்கைக் கொண்டுபோய் மாகசினின் முன்சுவரில் இடித்து நிற்கும். வெளியே எடுத்துப் பார்த்தேன், ஈய நுனி ஒரு பக்கம் நசுங்கி, நகத்தால் அழுத்திய மெழுகு மாதிரி இருந்தது. எருமை இருபது அடியில் நிற்கும்போது யாரும் போல்ட்டை மெதுவாகத் தள்ள மாட்டார்கள். அதைச் சரிசெய்ய எனக்கு நான்கு நாள் ஆயிற்று: பெட்டி, ஃபாலோவர் (தோட்டாக்களை மேலே தள்ளும் தகடு), தோட்டா ஏறும் சரிவு எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டினேன். உங்கள் ஆக்ஷன் (போல்ட் ஓடும் பகுதி) நீளமானது, அது உங்களுக்குச் சாதகம். இருந்தாலும் மருந்தில்லாத டம்மி தோட்டா கொடுத்து, முழு மாகசினையும் வேகமாக ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். துப்பாக்கியைக் கவிழ்த்துப் பிடித்தும் ஏற ​வேண்டும். அதற்கப்புறம் கூலி கொடுங்கள்.

அடுத்தது கட்டை. லாட் உதைக்கிற உதை உங்கள் .30-06-ஐப் போல மூன்று மடங்குக்கு மேல். ரீகாயில் லக் (உதையைக் கட்டைக்குக் கடத்தும் இரும்புப் புடைப்பு) கட்டையில் சரியாக உட்காராவிட்டால் டாங் (ஆக்ஷனின் பின்வால்) பக்கம் மயிரிழை மாதிரி விரிசல் விடும். அந்த வால்நட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் எபாக்ஸி பெடிங்கும் (இரும்பு கட்டையில் இடைவெளியின்றி உட்காரப் பசை வார்ப்பது) குறுக்கு போல்ட்டும் (கட்டைக்குக் குறுக்கே போடும் இரும்புத் திருகு) சேர்த்தே செய்யுங்கள்.

குழலில் லாட் என்று புது முத்திரை கட்டாயம். லாட் சேம்பரில் வின்செஸ்டர் தோட்டாவையும் சுடலாம், பயணத்தில் பெட்டி தொலைந்தால் அது பெரிய உதவி. ஆனால் எல்லையில் தோட்டாவின் அடி முத்திரையைக் குழல் முத்திரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. அமெரிக்கச் சுங்கத்தின் 4457 படிவத்தையும் (துப்பாக்கியைத் திரும்பக் கொண்டுவர உதவும் பதிவு) வேலை முடிந்த பிறகே வாங்குங்கள், தோட்டாப் பெயர் மாறிவிடும் அல்லவா.

குண்டுமணி

மணி அண்ணா சொன்ன மாகசின் விஷயம் எனக்குத் தெரியாது. ஒற்றைத் தோட்டா ரூகர் நம்பர் 1 வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தலைவலியே இல்லை போல.

பட்டறை மணி

ஆமாம், அதில் சேம்பர் வேலையோடு சரி.

சேலத்தான்

இரண்டு பேருக்கும் நன்றி. சனிக்கிழமை அளந்தேன். பெரியவர் கொடுத்த பழைய பெட்டியிலிருந்து ஐந்து தோட்டா, 500 கிரெய்ன்: சராசரி 588 மீட்டர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 5,600 ஜூல். ஜிம்பாப்வே சட்டம் காட்டெருமைக்குக் கேட்கிற குறைந்தபட்சம் 5,300-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. புதுத் தோட்டா வாங்கியும் சுட்டேன், 628 வந்தது. தோள் இரண்டு நாள் வலித்தது.

மணி அண்ணா, இப்போதைக்குச் சேம்பரைத் தொடவில்லை. பெடிங் மட்டும் செய்யக் கொடுத்திருக்கிறேன். ஆகஸ்ட் வரை இதிலேயே வாரம் இருபது தோட்டா சுட்டுப் பழகுகிறேன். ஒரு சந்தேகம்: பெடிங் செய்யும்போதே குறுக்கு போல்ட் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

பட்டறை மணி

இரண்டு. ஒன்று லக்குக்குப் பின்னால், இன்னொன்று மாகசினுக்கும் டிரிகருக்கும் நடுவில். போட்டபின் டாங்குக்குப் பின்னால் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விடச் சொல்லுங்கள்.